ஞாயிறு பின்னேரத்துப் படபடப்பு

கேள்வி: எனக்கு 34 வயது. வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டையில் ஒரு தனியார் கம்பனிக்கு வேலைக்குப் போகிறேன். கணக்குப் பிரிவு. புது மனேஜர் வந்து எட்டு மாதம். சின்னப் பிழைக்கும் எல்லோர் முன்னாலும் கத்துவார், இரவு பத்து மணிக்கும் வாட்ஸ்அப்பில் வேலை கேட்பார். சனிக்கிழமை நன்றாக இருப்பேன். ஞாயிறு பின்னேரம் நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது, நித்திரை இல்லை. இசிஜி நல்லம் என்கிறார்கள். எனக்கு என்ன வருத்தம், டொக்டர்?

பதில்: இசிஜி நல்லம் என்பது நிம்மதியான செய்திதான். அதற்காக உங்களுக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சனிக்கிழமை இல்லாத எரிவு ஞாயிறு பின்னேரம் வருகிறதென்றால், உடம்பு திங்கட்கிழமைக்குத் தயாராகிறது.

ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தாலே போதும், அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், சமிபாடு குழம்பும். நாய் துரத்தினால் ஓடித் தப்புவதற்கான ஏற்பாடு இது. நீங்களோ கதிரையை விட்டு அசையவும் முடியாமல் இருக்கிறீர்கள். ஒருமுறை ஒருவருக்குப் பிரஷர் பார்த்தேன், மேல் அளவு 128. மேசையில் அவருடைய போன் அதிர்ந்தது. மெசேஜைத் திறக்கவில்லை, மேலதிகாரியின் பெயரை மட்டும் பார்த்தார். திரும்ப எடுத்தபோது 150ஐத் தாண்டியிருந்தது.

தைரோயிட் கூடினாலும், இரத்தம் குறைந்தாலும் படபடப்பு வரும். அந்த இரண்டு சோதனையும் செய்யவில்லையென்றால் செய்துவிடுங்கள். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு பிளேன்டீயில் நாளை ஓட்டுகிறீர்களா? தலையிடிக்கு வெறும் வயிற்றில் டைக்ளோபெனக் போடுகிறீர்களா? எரிவுக்கு அவையும் காரணமாகலாம். நித்திரைக் குளிசையை நீங்களாக வாங்கிப் போடவே வேண்டாம்.

சரி, மனேஜருக்கு என்ன செய்வது? அவர் கத்தும்போது பதில் சொல்லாதீர்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள், படபடப்பு கொஞ்சம் இறங்கும். அவர் ஆறியபின் தனியாகப் போய், "சேர், பிழையைத் திருத்திவிட்டேன். இனி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், உடனே சரிசெய்கிறேன்" என்று சொல்லுங்கள். வீட்டில் இரண்டு தரம் சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள். அப்புறமும் மாறவில்லையென்றால் திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரவு மெசேஜ்களை அழிக்க வேண்டாம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணிதான். மனிதவளப் பிரிவுக்கோ, நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்கோ போவதானால் அந்தக் கொப்பி கையில் இருக்கட்டும். போனை ஒன்பது மணிக்குப் பிறகு படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வேலையை உடனே விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், வீட்டு வாடகை யாருக்கும் நிற்பதில்லை. ஆனால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள். வேலை கிடைக்கும் முன்பே, தேடத் தொடங்கிய அன்றே நித்திரை வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், இது மனேஜரால்தான் என்று பொறுத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருநாள் வந்தாலும் மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள், இரவானாலும் பரவாயில்லை.