மகிழ்ச்சிக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: அக்கா, பிரிட்டனில் லெஸ்டர் நகரில் இருக்கும் என் மகளிடம் அரசாங்கக் கணக்கெடுப்பில், "நேற்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள்? 0 முதல் 10-க்குள் சொல்லுங்கள்" என்று கேட்டார்களாம். மனசை எண்ணால் அளக்க முடியுமா?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: ஒருவர் மனசை அப்படி அளந்துவிட முடியாது, தம்பி. ஆனால் பல்லாயிரம் பேரிடம் ஒரே கேள்வியை வருடா வருடம் கேட்டால், யார் துவண்டு போகிறார்கள் என்று தெரியும். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 முதல் நான்கு கேள்விகள் கேட்கிறது. வாழ்க்கையில் திருப்தியா, செய்யும் காரியங்கள் பயனுள்ளவையாகத் தோன்றுகின்றனவா, நேற்று சந்தோஷமா, நேற்று பதற்றமா. கடைசிக் கேள்விக்கு மட்டும் குறைந்த எண்தான் நல்லது.

ஒரே கேள்வி ஏன் போதாது? அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். இரவில் நாலு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பேன். அப்போது யாராவது "நேற்று சந்தோஷமா?" என்று கேட்டிருந்தால் 3 என்றிருப்பேன். "செய்வது பயனுள்ளதா?" என்றால் யோசிக்காமல் 10. இரண்டுமே உண்மை.

அப்புறம், சராசரியோடு நின்றுவிடக் கூடாது. முதல் மூன்று கேள்விகளில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை சொல்பவர்களை அந்த அலுவலகம் தனியாக எண்ணுகிறது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணிக்கையைத்தான்.

சரி, உங்கள் மகள் என்ன எண் சொன்னாள்? கேட்டீர்களா?