மாமாவின் விளக்கு நோட்டுகளை என்ன செய்வது?

விளக்குகளைப் பற்றி மாமா எழுதி விட்டுப்போன நோட்டுகளையும், பெயர் ஒட்டாத ஒரு பெட்டி மண்ணெண்ணெய் விளக்கு பர்னர்களையும் (திரியைப் பிடித்திருக்கும் உலோகப் பகுதி) மற்ற சேகரிப்பாளர்களுக்குப் பயன்படும்படி எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் எதையும் பாலிஷ் போடாதீர்கள், விளக்குகளில் பொருத்தியிருக்கும் பர்னர்களையும் கழற்றாதீர்கள். எது எதோடு வந்தது என்பதே பெரிய தகவல், ஒருமுறை கலைந்தால் அவ்வளவுதான். திரியை ஏற்றி இறக்கும் திருகின் முகப்பில் பெரும்பாலும் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழவைத்து அதைப் படம் எடுங்கள், கூடவே திரியின் அகலம், சிம்னி உட்காரும் இடத்தின் விட்டம் இரண்டையும் எழுதுங்கள். ஆனால் பர்னரை மாற்றுவது அந்தக் காலத்திலேயே சகஜம், அதனால் முத்திரையை மட்டும் வைத்து முழு விளக்குக்கும் வயது சொல்லிவிடாதீர்கள்.

நோட்டில் 14''' என்று மூன்று கோடு இருக்கிறதே என்றீர்கள். அது அங்குலம் இல்லை, ஐரோப்பிய பர்னர்களுக்கான பழைய 'லைன்' அளவு, ஒரு லைன் சுமார் 2.26 மி.மீ. தட்டச்சு செய்பவர் ஒரு கோட்டை விட்டால் 14 அங்குலமாகிவிடும் (இப்படித்தான் தப்பான பட்டியல்கள் உருவாகின்றன).

நோட்டுகளை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது, கையெழுத்துக்குள் தேட முடியாது. மாமா எழுதியது தவறு என்று தோன்றினாலும் அப்படியே தட்டச்சு செய்து, உங்கள் கருத்தைத் தனியாக, தேதி போட்டு எழுதுங்கள். பிரதிகளை இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள்.

அப்புறம், பெட்டியில் பழைய மேண்டில்கள் (சுடரின் சூட்டில் ஒளிரும் வலை உறைகள்) இருந்தால் பிரிக்காமல் அப்படியே விடுங்கள். அவற்றில் தோரியம் இருக்கலாம், லேசான கதிரியக்கம் உள்ளது, உடைந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.