9 குதிரைத்திறன்தான் கூடியதா? சூப்பர்சார்ஜர் காரின் டைனோ தாளைப் படிக்கும் விதம்

கேள்வி: என்னுடையது ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும், பெல்ட்டால் சுழலும் கம்ப்ரசர்) உள்ள ரியர்-வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் கார். அதற்குச் சின்ன புல்லி (பெல்ட் சுற்றும் சக்கரம்) மாட்டி, இசியூவையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூன் செய்தேன். மாற்றுவதற்கு முன் ஓர் இனர்ஷியா டைனோவில் (காரை உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் இயந்திரம்) சக்கரத்தில் 342 குதிரைத்திறன் காட்டியது. தாளில் ‘எஸ்டிடி’ என்று இருக்கிறது. மாற்றிய பிறகு வேறு இடத்தில், லோடு கொடுக்கும் டைனோவில் அடுத்தடுத்து மூன்று ரன் எடுத்தேன்: 351, 338, 329. இந்தத் தாளில் ‘எஸ்ஏஇ’ என்று இருக்கிறது. பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் கூட்டும் காற்றழுத்தம்) முன்பு எல்லா ஆர்பிஎம்மிலும் 7 பிஎஸ்ஐ. இப்போது 4000 ஆர்பிஎம்மில் 9, 6400-இல் 7.5. ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்; எண் ஏறினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது) 11.6-இல் தொடங்கி கடைசியில் 12.7-க்குப் போகிறது. இன்டேக் காற்றின் வெப்பம் முதல் ரன் முடிவில் 45 டிகிரி செல்சியஸ், மூன்றாவதில் 65. இவ்வளவு செலவுக்கும் 9 குதிரைத்திறன்தானா? ட்யூனர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஎஃப்ஆர் ஏன் ஏறுகிறது என்று தெரியும்வரை ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்காதீர்கள். எத்தனை குதிரைத்திறன் கூடியது என்ற கணக்கைவிட அது அவசரம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

342-ஐயும் 351-ஐயும் பக்கத்தில் வைத்துக் கழிக்கவே கூடாது. எஸ்டிடி, எஸ்ஏஇ இரண்டும் அன்றைய வானிலைக்கேற்ப டைனோ எண்ணைத் திருத்தும் கணக்குகள். எஸ்டிடி என்பது சுமார் 15.5 டிகிரி வெப்பம், கடல்மட்டக் காற்றழுத்தம் என்ற பழைய அடிப்படை. எஸ்ஏஇ ஜே1349 என்பது 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல். ஒரே ரன்னை இரண்டிலும் அச்சடித்தால் எஸ்டிடி ஏறக்குறைய 4% கூடுதலாகக் காட்டும். உங்கள் பழைய 342-ஐ எஸ்ஏஇ கணக்குக்குக் கொண்டுவந்தால் 329 பக்கம் வரும். ஆக, தாளின் ஓரத்தில் இருந்த மூன்று எழுத்தைப் பார்த்ததிலேயே 9 என்பது 22 ஆகிவிட்டது.

அப்புறம் இயந்திரமே வேறு. இனர்ஷியா டைனோ, கனமான உருளை எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. லோடு டைனோவில் ஒரு பிரேக் எதிர்த்து நிற்கிறது. அதன் எண் பெரும்பாலும் குறைவாகவே வரும். எவ்வளவு குறைவு என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் சதவீதம் கிடையாது. அது டைனோவை அமைத்தவரின் கையில் இருக்கிறது. எந்த கியரில் ஓட்டினார்கள், டயர் காற்று எவ்வளவு, காரைப் பிடிக்கும் பட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள் என்பதெல்லாம் எண்ணை நகர்த்தும். ‘டிரைவ்டிரெய்ன் நஷ்டம் (எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வருவதற்குள் இழக்கும் திறன்) 15%’ என்று கூட்டி கம்பெனி சொல்லும் எண்ணோடு ஒப்பிடுவதும் வேண்டாம். அது வசதிக்காக வந்த தோராயம், உங்கள் கியர்பாக்ஸை யாரும் அளந்து சொன்னதல்ல.

டைனோ எதற்குப் பயன்படும் என்றால், ஒரே டைனோவில் ஒரே காரை முன்னும் பின்னும் அளக்க. அதனால் உங்களிடம் உள்ளவற்றில் மதிப்புள்ளவை அந்த மூன்று ரன்களும்தான்.

351-இலிருந்து 329 என்றால் 6% சரிவு. இப்போது வெப்பத்தைப் பாருங்கள். 45 டிகிரி என்றால் கெல்வினில் 318. 65 என்றால் 338. 318-ஐ 338-ஆல் வகுத்தால் 0.94. அழுத்தம் மாறாமல் வெப்பம் மட்டும் இவ்வளவு ஏறினால், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அடர்த்தி 6% குறையும். சரிவு கிட்டத்தட்ட இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மேற்கொண்டு, காற்று சூடானால் இசியூவும் நாக்கிங்குக்குப் (கலவை தானாக வெடிப்பது) பயந்து இக்னிஷன் டைமிங்கைக் குறைக்கும் (பொறியைத் தாமதமாக்கும்). சின்ன புல்லி கம்ப்ரசரை வேகமாகச் சுற்றவைக்கிறது. கூடவே வெப்பமும் கூடுகிறது. சாலையில் ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் கிடைக்கும் காற்றை டைனோ அறையின் மின்விசிறி தருவதில்லை. எனவே 351, 338, 329 என்று இறங்கியதில் பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த முறை ஒவ்வொரு ரன்னுக்கும் முன் இன்டேக் வெப்பம் ஒரே அளவுக்கு இறங்கும்வரை காத்திருங்கள். அப்படி ஆறவைத்தும் எண் இறங்கினால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

எனக்கு உறுத்துவது பூஸ்ட். ரூட்ஸ் சூப்பர்சார்ஜர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைத் தள்ளும். அதனால் பூஸ்ட் கோடு கிட்டத்தட்ட தட்டையாகப் போக வேண்டும். சென்ட்ரிஃபியூகல் வகை சூப்பர்சார்ஜர் என்றால் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும்; அது வேறு கதை. உங்கள் கோடு 9-இலிருந்து 7.5-க்கு இறங்குகிறது. அதாவது உச்ச எண் பதிவாகும் 6400-இல், புல்லி மாற்றுவதற்கு முன் இருந்த 7 பிஎஸ்ஐக்குக் கிட்டத்தட்டத் திரும்பிவிட்டீர்கள். உங்களுக்குக் கிடைத்த லாபம் 4000 பக்கம் உட்கார்ந்திருக்கிறது. தாளின் உச்ச எண் அதைக் காட்டவில்லை. டார்க் (முறுக்குவிசை) கோட்டைப் பாருங்கள், நடுப்பகுதி நன்றாகவே தூக்கியிருக்கும்.

இறங்குவதற்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒன்று, பெல்ட் நழுவுகிறது. புல்லி சின்னதானால் பெல்ட் பிடித்துக்கொள்ளும் பரப்பும் குறையும், இழுக்கும் சுமையோ கூடும். பெல்ட் நழுவினால் பூஸ்ட் கோடு ஓர் ஆர்பிஎம்முக்கு மேல் சட்டென்று மடங்கும், நெளியும், ரன்னுக்கு ரன் மோசமாகும். பானெட்டைத் திறந்து பாருங்கள்: புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருக்கும், பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். இன்னொன்று, உள்ளே வரும் வழி அடைப்பு. பழைய ஏர்ஃபில்டரும் த்ராட்டில் பாடியும் புதிய காற்றளவுக்குப் போதாமல் போகலாம். அப்போது சரிவு மெதுவாக, மூன்று ரன்னிலும் ஒரே மாதிரி இருக்கும். சூப்பர்சார்ஜருக்கு முன்னால் ஒரு பிரஷர் சென்சார் வைத்தால், உச்ச ஆர்பிஎம்மில் அங்கே வெற்றிடம் உருவாகிறதா என்று தெரிந்துவிடும். பைபாஸ் வால்வு (காற்றைச் சூப்பர்சார்ஜரின் முன்பக்கத்துக்கே திருப்பிவிடும் வால்வு) சரியாக மூடுகிறதா என்பதையும் கையோடு பாருங்கள். தாளை அச்சடிக்கும்போது ஸ்மூத்திங்கைக் குறைக்கச் சொல்லுங்கள்; அதிகம் வைத்தால் பெல்ட் நழுவும் நெளிவெல்லாம் மறைந்து கோடு அழகாகிவிடும்.

இப்போது ஏஎஃப்ஆர். பூஸ்ட் உள்ள பெட்ரோல் எஞ்சினுக்கு முழு மிதியில் 11.5 முதல் 12 வரை பழக்கமான இடம். 12.7 என்ற எண்ணைவிட, அது ஏறிக்கொண்டே போகும் திசைதான் கவலை. பூஸ்ட் குறைந்துகொண்டு வரும்போது கலவை லீன் ஆகிறது (பெட்ரோல் குறைந்து மெலிகிறது) என்றால் பஞ்சம் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். நிமிடத்துக்கு வேண்டிய பெட்ரோல் உச்ச பவர் இருக்கும் இடத்தில்தான் மிக அதிகம். பம்ப்போ ஃபில்டரோ இன்ஜெக்டரோ திணறினால் அங்கேதான் முதலில் தெரியும். ‘டெயில்பைப்பில் வைத்த சென்சார், எக்ஸாஸ்ட் கசிவு வழியாக வெளிக்காற்று கலந்திருக்கும்’ என்று யாராவது சொல்லலாம். கசிவின் பாதிப்பு புகை குறைவாகப் போகும் கீழ் ஆர்பிஎம்மில்தான் அதிகம் தெரியும், மேலே போகப்போகக் குறையும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. ஆகவே அந்தச் சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன்.

பெட்ரோல் ரெயில் பிரஷரை (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயின் அழுத்தம்) பதிவு செய்யச் சொல்லுங்கள். பூஸ்ட்டைக் கழித்தபின் அது கடைசிவரை ஒரே அளவில் நிற்க வேண்டும். மேலே போகப்போகச் சரிந்தால் பம்ப் அல்லது ஃபில்டர். பிரஷர் நின்று, இன்ஜெக்டர் டூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டி 100-ஐ நோக்கிப் போனால் இன்ஜெக்டர் போதாது. இரண்டும் சரியாக இருந்தால்தான் ட்யூனில் எழுதிய எண்ணைச் சந்தேகிக்க வேண்டும். நாக் சென்சார் எத்தனை டிகிரி டைமிங்கைப் பின்வாங்கியது என்ற பதிவையும் கேட்டு வாங்குங்கள். மேல் ஆர்பிஎம்மில் கலவை மெலியும் அதே இடத்தில் அதுவும் தெரிந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து.

ட்யூனர் ஏமாற்றினாரா என்று இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது அவருக்கு நியாயமும் இல்லை. ஆனால் 12.7-ஐப் பார்த்த பிறகும் மூன்றாவது ரன் வரை ஓட்டவிட்டது ஏன் என்று அவரிடம் கேட்கலாம். பெட்ரோல் பக்கம் முதலில், பெல்ட் அடுத்து. இரண்டும் சரியான பிறகு இதே லோடு டைனோவில், அதே கியரில், எஸ்ஏஇ கணக்கில் மறுபடி ஓட்டுங்கள். முடிந்தால் அன்றைக்கே பழைய புல்லியையும் பழைய ட்யூனையும் போட்டு ஒரு ரன் எடுத்துவிடுங்கள். பூஸ்ட் கடைசிவரை 9 பக்கம் நின்றால் உச்ச எண் தானாக மேலே போகும்.