நேற்றிரவு பெய்த மழை

கேள்வி: டீச்சர், பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மேலாளருக்கு மின்னஞ்சலில் 'ஐ ஹேவ் சென்ட் த ரிப்போர்ட் எஸ்டர்டே' என்று எழுதினேன். 'ஹேவ்' வரக்கூடாது என்று திருத்தி அனுப்பினார். தமிழில் 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்கிறோமே, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் கூடாது?
வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மேலாளர் திருத்தியது சரிதான், அம்மா. ஆனால் நீங்கள் கேட்ட 'ஏன்' மிக நியாயமானது. நம் பிள்ளைகள் இந்த இடத்தில் இடறுவது கவனக்குறைவால் அல்ல, தாய்மொழி சொன்னபடி நடப்பதால்தான். வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக இதைப் பார்த்தவள் நான்.

காலையில் கதவைத் திறக்கிறேன். துளசித் தொட்டியின் தட்டில் தண்ணீர் நிற்கிறது, வாசல் தார்ச்சாலை கறுத்துக் கிடக்கிறது. 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறேன். மழையை நான் பார்க்கவில்லை. அது விட்டுப்போன தடயத்தைப் பார்த்தேன். அதைத்தான் அந்த 'இருக்கிறது' சொல்கிறது. அதனால் 'நேற்று' பக்கத்தில் நின்றாலும் அதற்குத் தொல்லை இல்லை.

ஆங்கில 'ஹேவ்' வேறு பிறவி. முடிந்த காரியத்தை இந்த நேரத்தோடு முடிச்சுப் போடுவது அதன் வேலை. நேற்று, போன வாரம், 2019 என்று கடந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும். 'இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்றுதான் சொல்ல வேண்டும். காலத்தைச் சொல்லாமல் ஈரத்தை மட்டும் காட்டினால் 'இட் ஹேஸ் ரெய்ன்ட்' அழகாகப் பொருந்தும்.

தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டால், கேட்பது அனுபவத்தை: 'ஹேவ் யூ எவர் கேரிட் எ காவடி?' எந்த ஆண்டு என்று பேச்சு வந்ததும் 'ஐ கேரிட் ஒன் இன் 2019'. தமிழிலும் அப்போது 'எடுத்தேன்' என்றே வாயில் வரும்.

'திஸ் மார்னிங்' மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய சொல். காலை பத்து மணிக்கு 'ஹேவ் யூ சீன் ஹிம் திஸ் மார்னிங்?' என்று கேட்கலாம். மாலை நான்கு மணிக்கு அந்தக் காலை முடிந்துவிட்டது. 'டிட் யூ ஸீ ஹிம்' என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. '2015 முதல் இங்கே வேலை செய்கிறேன்' என்பதை 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015' என்று எழுதிவிடாதீர்கள். 2015இல் தொடங்கிய வேலை இன்றுவரை தொடர்கிறது, முடிச்சு அவிழவில்லை. அதனால் அங்கே 'ஐ ஹேவ் வொர்க்ட்' வேண்டும்.

இனி உங்கள் மின்னஞ்சல். 'ஹேவ் யூ சென்ட் த ரிப்போர்ட்?' என்று மேலாளர் கேட்டால், தயங்காமல் 'யெஸ், ஐ ஹேவ்' என்று சொல்லுங்கள். 'வென்?' என்று அடுத்த கேள்வி வந்தால் 'ஐ சென்ட் இட் எஸ்டர்டே'.