எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிப்பில் ‘ஒடுக்குமுறை, அடையாளம், பன்மைத்தன்மை’ என்றொரு தாள் இருக்கிறது. களப்பணிக்கு அது உண்மையில் உதவுமா, தேர்வுக்கு மட்டும்தானா?

உதவும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், இந்தத் தாளை எப்படியாவது தாண்டிவிட்டு மனிதவளத் துறைப் பக்கம் போய்விடலாம் என்று நினைப்பவராகத் தெரிகிறது. முதல் ஆண்டாக இருப்பீர்கள். கிராம முகாமுக்கு இன்னும் போயிருக்க மாட்டீர்கள். தவறென்றால் மன்னிக்கவும். கேள்விக்குக் கீழே ‘வகுப்பில் எல்லோரும் சமம்தானே, எதற்குப் பிரித்துப் பிரித்துப் பேச வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி இல்லையென்றால் நான் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் 2006-ல் சேர்ந்தபோது எங்களுக்கு இப்படித் தனித் தாள் கிடையாது. சமூகவியலில் ‘சமூக அடுக்கமைவு’ என்று ஓர் அலகு, அதில் சாதிக்கு இரண்டே வகுப்பு. துறையின் வரலாறு என்றால் 1889-ல் சிகாகோவில் ஏழைக் குடியேறிகளுக்காகத் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லம், 1936-ல் டாட்டா அறக்கட்டளை பம்பாயில் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளி. அதே 1936-ல், அதே பம்பாயில் வாழ்ந்த அம்பேத்கர், லாகூர் மாநாட்டுக்கு அழைத்தவர்களே கூட்டத்தைக் கைவிட்டதால், சாதி ஒழிப்பு பற்றி எழுதி வைத்திருந்த உரையைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். இரண்டையும் சேர்த்து எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது எனக்கு ஒரு வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி முகாம். பத்து நாள், ஓர் அரசுப் பள்ளியில் தங்கல். ஊர்ப் பெயர் வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மற்றவர்கள் பையை இறக்கிக்கொண்டிருக்க, நான் தண்ணீர்த் தொட்டிகளை எண்ணினேன். இது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். அத்தனை சிறிய ஊருக்கு இரண்டு மேல்நிலைத் தொட்டி. கோயிலுக்குப் பின்னால் ஒன்று. ஓடை தாண்டி, பனைகளுக்கு நடுவே, வெள்ளையடித்துப் பல வருடமான இன்னொன்று. இரண்டு தொட்டி இருந்தால் இரண்டு சுடுகாடு இருக்கும். நான் காலனியில் பிறந்தவன், எனக்கு இதைப் பாடமாக யாரும் நடத்த வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் காலை பி.ஆர்.ஏ. அதாவது ஊர் மக்களையே வைத்து, ஊரின் வரைபடத்தைத் தரையில் கோலப்பொடியால் போடவைப்பது. நல்ல முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கே போட்டோம்? கோயில் வாசலில். யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கைகாட்ட, வகுப்புத் தோழிகள் வரைந்தார்கள். வயலுக்குப் பச்சை, கோயிலுக்கு மஞ்சள், பள்ளிக்குச் சிவப்பு. நீலப்பொடி பாக்கெட் என் கையில் இருந்தது. “தொட்டி எங்கே வரும்?” என்று கேட்டேன். ஒருவர் குச்சியால் காட்டினார். வட்டம் போட்டேன். ஓடை வரை வந்து வரைபடம் நின்றுவிட்டது. ஓடைக்கு அப்பால் வெறும் தரை. கையில் இன்னும் பாதிப் பாக்கெட் நீலம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். முதல் நாள் இரவு அதே பெரியவர்களில் ஒருவர் என்னிடம் “தம்பிக்கு எந்த ஊர்?” என்று கேட்டார். சொன்னேன். “அதில் எந்தப் பக்கம்?” என்றார். இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். “பஸ் நிலையத்துப் பக்கம்” என்று பொய் சொன்னேன். சொன்ன பிறகு, ஓடைக்கு அப்பால் ஒரு தெரு இருக்கிறது என்று எந்த வாயால் எடுத்துக் கொடுப்பது?

மேற்பார்வையாளர் வரைபடத்தைப் பாராட்டினார், புகைப்படம் எடுத்தோம். அறிக்கையை எழுதும் பொறுப்பு, கையெழுத்து நன்றாக இருப்பதால், எனக்கே வந்தது. ‘இவ்வூர் மக்கள் வேறுபாடின்றி ஒற்றுமையாக வாழ்கின்றனர்’ என்று எழுதினேன். நூற்றுக்கு 82.

‘இது உன் கோழைத்தனம், பாடத்திட்டத்தின் குற்றமல்ல’ என்று எழுத வருபவர்களுக்கு: கோழைத்தனம்தான், மறுக்கவில்லை. ‘இந்தக் காலத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்’ என்பவர்களுக்கு: 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களின் குடியிருப்புக்கான மேல்நிலைத் தொட்டியில்தான் மலத்தைக் கலந்தார்கள். அன்று செய்தித்தாளில் அந்தத் தொட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு நான் சாப்பிடவில்லை. எல்லா ஆசிரியர்களையும் குற்றம் சொல்லவும் இல்லை. எங்கள் துறையில் ஒருவர், நூலகத்தில் இல்லாத புத்தகங்களைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அவர் முகாமுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்று உங்கள் தாளில் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா வருவார். பெண் என்பதும் கறுப்பினம் என்பதும் ஒருத்தி மீது தனித்தனியாக விழுவதில்லை, பின்னிக்கொண்டு விழுகின்றன என்று 1989-ல் எழுதியவர். நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1989 (சொன்னேனே, வியாதி). வாய்மொழித் தேர்வில் கேட்டால் அமெரிக்க உதாரணத்தையே சொல்லிவிட்டு வராதீர்கள். என் அம்மா நடவுக்குப் போவார். ஆண் கூலியில் பாதிதான் பெண் கூலி. அந்தப் பாதியையும் வாசலுக்குள் விடாமல், வெளியே நிற்கவைத்துத்தான் கொடுப்பார்கள். அந்தக் கோட்பாட்டுக்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

வேலை கிடைக்குமா என்பதையும் நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒப்பந்தத்தில் புதிதாகக் கையெழுத்து. போன முறை என் பதவிக்கே விளம்பரம் வந்தது: ‘ஏதேனும் ஒரு முதுகலைப் பட்டம்’ போதுமாம். மருந்துக் கடைக்குக்கூடப் படித்தவரைக் கேட்கிறார்கள். வயதுவந்த பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைத்த குடும்பத்தோடு போய்ப் பேச யார் வேண்டுமானாலும் போதும் என்றால், இரண்டு வருடம் எதற்குப் படித்தோம்? சரி, இது வேறு கதை.

இப்போது என்னிடம் களப்பணிக்கு மாணவர்கள் வருகிறார்கள். ஊருக்குள் நுழைந்ததும் தொட்டிகளை எண்ணச் சொல்கிறேன். வரைபடத்தை ஒரே இடத்தில் போடவிடுவதில்லை. காலனியில் ஒன்று, ஊர்த்தெருவில் ஒன்று, பெண்கள் மட்டும் கூடி ஒன்று. பிறகு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். மூன்றும் ஒரே ஊர் என்று நம்புவதற்கே கொஞ்ச நேரம் ஆகும். போன முகாமில் ஒரு மாணவி என்னிடம், “சார், உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டாள். ஊரைச் சொன்னேன். பக்கம் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அவ்வளவுதான் முடிந்தது.

முகாமுக்குக் கோலப்பொடி கிளம்பும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன ஊர்க் கடைகளில் பெரும்பாலும் வெள்ளைதான் இருக்கும். நீலம் மட்டும் இரண்டு பாக்கெட்.