புது எக்ஸ்பல்ஸ்: முதல் 500 கிலோமீட்டர் எப்படி ஓட்டுவது?

கேள்வி: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் எடுத்துப் பத்து நாள் ஆகிறது, 90 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 1,000 கிலோமீட்டர் வரை 50-க்கு மேல் போகக் கூடாது என்று ஷோரூமில் சொல்கிறார்கள். டர்ட் டிராக்கில் ஓட்டும் நண்பரோ, முதல் நாளிலிருந்தே நன்றாக முறுக்கினால்தான் இன்ஜினில் பிக்கப் வரும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? மண் பாதையில் எப்போது இறக்கலாம்? (தேனியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஷோரூம்காரர் வேகத்தைச் சொன்னார், கியரைச் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அந்தக் கியரில்தான் இருக்கிறது.

புது சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்காது. ஒன்றையொன்று சாய்வாக வெட்டும் மெல்லிய கோடுகளை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். அவற்றின் கூர்முனைகளும், பிஸ்டனைச் சுற்றி மாட்டிய உலோக வளையமான பிஸ்டன் ரிங்கின் விளிம்பும் உரசி உரசி ஒன்றுக்கொன்று பொருந்துவதைத்தான் ரன்னிங் இன் என்கிறோம். அம்மி கொத்திய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் எதையாவது அரைத்து, அதில் வரும் கல்மாவோடு வழித்துக் கொட்டிவிட்டுத்தான் சமையலுக்கு மிளகாய் வைப்பார்கள். கொத்து மழுங்கிய அம்மியிலோ எவ்வளவு நேரம் இழுத்தாலும் மசியாது.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது ரிங்கின் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆக்ஸிலேட்டரே கொடுக்காமல் ஓட்டினால் அந்த அழுத்தம் கிடைக்காது. சுவரில் ஆயில் கருகிப் பளபளவென்று ஒரு படலம் படியும், கோடுகள் அடைபடும், அதற்குப் பிறகு ரிங் சரியாகப் பொருந்தவே பொருந்தாது. உங்கள் நண்பர் சொல்வதில் உள்ள உண்மை இதுதான். ஆனால் அதற்காக முதல் நாளே முழுதாக முறுக்கினால் வேறு வம்பு. பிஸ்டன் அலுமினியம், சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிற உலோகம். இன்னும் பொருந்தாத இடங்களில் உரசலும் சூடும் அதிகம், அந்த நிலையில் பிஸ்டன் இறுகினால் சுவரில் கீறல் விழும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு வண்டி வந்தது. 1,200 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ஆயில் குடித்துக்கொண்டே இருந்தது. வைத்திருந்தவர் மிக நல்ல மனிதர், வண்டியைக் குழந்தை போலப் பார்த்தவர். தினமும் பைபாஸில் டாப் கியரில், சீராக 40-ல் போய் வந்திருக்கிறார். சிலிண்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தால், கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் தேன் நிறத்தில் ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அவ்வளவு அக்கறையாக ஓட்டியவருக்கு இப்படி ஆனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அதனால் ஷோரூம்காரர் சொன்ன 50-ஐ நீங்கள் மீற வேண்டாம். கையேட்டில் உள்ள வரம்புதான் முதலில், வாரண்டியும் அதைச் சார்ந்தது. ஆனால் அந்த 50-க்குள்ளேயே இரண்டு, மூன்று, நான்கு என்று கியரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மூன்றாவது கியரில் 25-லிருந்து 45 வரை பாதி ஆக்ஸிலேட்டரில் ஏற்றுங்கள், பிறகு கையை விட்டு, கிளட்ச் பிடிக்காமல் அப்படியே இறங்க விடுங்கள். மறுபடி ஏற்றுங்கள். இந்த இன்ஜினின் உச்ச சக்தி 8,500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று சுற்றும்போது வருகிறது. என் கணக்கு, முதல் 200 கிலோமீட்டருக்கு 5,000-ஐத் தாண்டாமல் இருந்தால் போதும். பிறகு அவ்வப்போது சில நொடிகள் 6,000 தொடலாம். டாப் கியரில் இன்ஜின் திணறத் திணற மேட்டில் ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது. வேகம் குறைவாகத்தான் தெரியும், ஆனால் பேரிங் மேல் விழும் அடி அதிகம்.

(டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றாதீர்கள். அதில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் இறங்கினால் பிஸ்டனுக்கு ஆயில் கிடைக்காது.)

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பத்து நிமிடம் ஐடிலில் விடும் பழக்கம் வேண்டாம். ஒரு நிமிடம் போதும், பிறகு மெதுவாகக் கிளம்பி ஓட்டத்திலேயே சூடேற்றுங்கள். இன்னும் சில நாட்களுக்கு 20, 25 நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஜினைச் சுற்றியுள்ள ஃபின் (சூட்டை வெளியேற்றும் தகடு) கையில் தொடும் அளவுக்கு ஆறவிடுவது நல்லது.

மண் பாதைக்கு வருவோம். இறுகிய செம்மண் தடம், தோப்புப் பாதை என்றால் இப்போதே தாராளமாகப் போகலாம். கியரை நீங்கள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும் என்பதால் தார் ரோட்டை விட அது மேல். ஆற்று மணலும் செங்குத்தான மேடும் முதல் சர்வீஸ் முடியும் வரை வேண்டாம். அங்கே வண்டி நகர்வது மெதுவாக, இன்ஜின் உழைப்பது முழுதாக, ஆயில் கூலருக்குக் காற்றும் கிடைக்காது. போடிமெட்டு ஏற வேண்டுமென்றால் தனியாக, நடுவில் ஒரு முறை நிறுத்தி ஏறுங்கள். முன்னால் போகும் வண்டியின் புழுதியில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் மண் துகள் உப்புத்தாள் போல ரிங்கைத் தேய்க்கும்.

முதல் ஆயில் மாற்றத்தை 500-லேயே செய்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். ஆயில் ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று, வடியும் ஆயிலில் ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் பாருங்கள். முத்துச் சிப்பியின் உள்பக்கம் போல மினுமினுத்தால் பயம் இல்லை, கழன்று வந்த தேய்மானம்தான். நெருடுகிற சில்லு தட்டுப்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டாமல் நகராதீர்கள். ஊற்றும் ஆயில் கையேட்டில் சொன்ன கிரேடு, டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான தரக் குறியீடு) என்று போட்டது. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

அன்றே டேப்பெட் இடைவெளியையும், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள சந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 'சத்தமே இல்லையே, எதற்கு?' என்பார்கள். புது வால்வு அதன் இருக்கையில் படியப் படிய இடைவெளி குறையும், குறைந்தால் சத்தம் வராது. வால்வு முழுதாக மூடாமல் கருகும்.

அப்புறம் சக்கரக் கம்பிகள். முதல் மண் ஓட்டம் முடிந்ததும் ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக் கேளுங்கள். எல்லாம் 'டிங்' என்று ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். 'டப்' என்று செத்த சத்தம் வருவது தளர்ந்த கம்பி. அதைக் கால் சுற்று முறுக்கிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்.