பட்டாவுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?

வடசென்னை வியாசர்பாடியில் புறம்போக்கில் இருப்பவர்களுக்குப் பட்டா கொடுத்தால் ஆரோக்கியம் கூடும் என்கிறார்களே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

காகிதம் நோயைக் குணப்படுத்தாது. ஆனால் எப்போது இடிப்பார்களோ என்ற பயம் இருக்கும் வரை யாரும் வீட்டில் காசு போட மாட்டார்கள். கால்வாய் ஓரத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. உள்ளே ஒருவர் இருமினால் அந்தக் காற்றையே அத்தனை பேரும் சுவாசிக்கிறார்கள்; காசநோய்க்கு இதைவிடத் தோதான இடம் எது? குழாய் இணைப்பு இல்லாததால் லாரித் தண்ணீர் நீல டிரம்மில் நிற்கும். மூடி சரியில்லை என்றால் டெங்கு கொசுவுக்குக் கொண்டாட்டம். ஜன்னல் வைக்கலாம், கக்கூஸ் கட்டலாம். ஆனால் நாளைக்கு நிலைக்காத சுவருக்கு யார் கடன் வாங்குவார்?

அர்ஜென்டினாவில், பியூனஸ் அயர்ஸ் புறநகரில், ஒரே மாதிரியான குடும்பங்களில் சிலருக்கு மட்டும் நில உரிமை கிடைத்தது. கிடைத்தவர்கள் வீட்டை மேம்படுத்தினார்கள். பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற எடையும் சற்று முன்னேறியது. பெரிய மாற்றமில்லை, ஆனால் தெளிவான மாற்றம்.

அப்புறம், வெளியேற்றம். காசநோய் மாத்திரையைப் பொதுவாக 6 மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் வீட்டை இடித்து, தென்சென்னைப் பக்கம் பெரும்பாக்கத்திலுள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பினால், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர் நகரின் மறுமுனையிலிருந்து பஸ் மாறி வர வேண்டும். கூலியும் போகும், மருந்தும் விட்டுப்போகும்.

ஆனால் எண்ணூரில் பட்டா வைத்திருப்பவரும் அதே அனல் மின் நிலையப் புகையைத்தான் சுவாசிக்கிறார். அதற்குப் பட்டா போதாது.